வாசகர் கேள்வி–பதில்: பிரபஞ்சத்தை எப்படி அளந்தார்கள்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்களிடமிருந்து பிரபஞ்சத்தின் தொடக்கம் பற்றியும் அளவு பற்றியும் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வி பல கடிதங்களில் வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எண்களுக்கு அஞ்ச வேண்டாம். இதில் வரும் கணக்கெல்லாம் பத்தாம் வகுப்புப் பெருக்கல், வகுத்தல்தான்.

பெருவெடிப்பு எந்த இடத்தில் நடந்தது? பிரபஞ்சம் தொடக்கத்திலிருந்தே விரிந்துகொண்டிருக்கிறது என்பதை வகுப்பில் பலூன் ஊதி விளக்கினேன். "அப்போ பலூனுக்கு உள்ளே நடுவிலேதானே டீச்சர் வெடிச்சிருக்கும்?" என்று பிள்ளைகள் திருப்பிக் கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை.
— எட்டாம் வகுப்பு ஆசிரியை, பாலக்கோடு

பிள்ளைகள் கேட்டது நியாயமான கேள்வி. பலூனின் ரப்பர் தோல் மட்டும்தான் 'வெளி', உள்ளே இருக்கும் காற்று கணக்கிலேயே இல்லை என்று சொன்னால் எட்டாம் வகுப்பில் யாருக்கும் ஏறாது. பேனாவால் வைத்த புள்ளிகளும் பலூனோடு சேர்ந்து பெருத்துவிடும். அதைப் பார்த்து, விண்மீன் மண்டலங்களும் (கேலக்ஸி) ஊதிப் பெருக்கின்றன என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். பலூனை விட்டுவிட்டுத் தையல் கடை எலாஸ்டிக்கை எடுங்கள்.

இரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள புது எலாஸ்டிக் ஒரு மீட்டர் வேண்டும். இரண்டு முனையிலும் பிடித்துக்கொள்ள 20 சென்டிமீட்டர் விட்டுவிடுங்கள். நடுவில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஏழு பேப்பர் கிளிப்புகளைக் குறுக்காகச் செருகுங்கள். முதல் கிளிப்புக்கும் கடைசிக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருக்கும். மீட்டர் ஸ்கேல் மேல் வைத்து, இரண்டு பிள்ளைகள் இரு முனையையும் மெதுவாக இழுக்கட்டும். 60 சென்டிமீட்டர் 90 ஆனதும் நிறுத்திவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கிளிப்பும் ஒரு விண்மீன் மண்டலம். முதல் கிளிப்பை நம் வீடு என்று வைத்துக்கொண்டால், 10-இல் இருந்தது 15-க்குப் போயிருக்கும், அதாவது 5 சென்டிமீட்டர் விலகல். 20-இல் இருந்தது 30-க்குப் போய் 10 விலகியிருக்கும். 30-இல் இருந்தது 45-க்குப் போய் 15 விலகியிருக்கும். இரண்டு மடங்கு தூரத்தில் இருந்தால் இரண்டு மடங்கு விலகல். இப்போது நான்காவது கிளிப்பை வீடாக வைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் அதே 5, 10, 15 வரும். எந்தக் கிளிப்பில் உட்கார்ந்து பார்த்தாலும் 'எல்லாரும் என்னை விட்டுத்தான் ஓடுகிறார்கள்' என்றே தெரியும். அதனால் நடு என்று ஒன்று கிடையாது. 1929-இல் அமெரிக்க வானியலாளர் எட்வின் ஹப்பிள் விண்மீன் மண்டலங்களில் கண்டது இந்த உறவைத்தான். பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமைத்ர் அதை இரண்டு ஆண்டு முன்பே ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாட்டிலிருந்து வருவித்திருந்தார்.

சோதனை கெட்டுப்போகும் இடங்கள் சில உண்டு. பழைய எலாஸ்டிக் ஒரு இடத்தில் அதிகமாகவும் ஒரு இடத்தில் குறைவாகவும் நீளும், விகிதம் வராது. முனைக்குப் பக்கத்தில் கிளிப் வைத்தால் கை பிடித்த இடம் நீளாமல் நின்று அளவு குறையும். இன்னொன்று, ஒரு முனையை மேசையில் அழுத்திக்கொண்டு மறுமுனையை மட்டும் இழுத்தால், "அழுத்தின இடம்தான் நடு" என்று கட்டாயம் ஒரு பிள்ளை சொல்லும். அதைத் தடுக்காதீர்கள். அப்படியும் இழுத்து, கிளிப்புகளுக்கு இடையே அளக்கச் சொல்லுங்கள். அதே எண்கள்தான் வரும்.

கிளிப் நீளவில்லை என்பதையும் காட்டுங்கள். நம் பால்வீதியோ, சூரியக் குடும்பமோ, மேசையோ விரிவதில்லை. ஈர்ப்பும் மின்விசையும் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. பக்கத்து மண்டலமான ஆண்ட்ரோமீடா விலகாதது மட்டுமல்ல, விநாடிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கியே வருகிறது. விரிவு ஆட்சி செய்வது மண்டலக் கூட்டங்களுக்கு இடையேயான பெருந்தூரங்களில்தான்.

ஆக, பெருவெடிப்பு காலி இடத்தில் ஒரு மூலையில் வெடித்த குண்டு அல்ல. எல்லா இடமும் அன்று நெருக்கமாகவும் கொதிநிலையிலும் இருந்தது. பாலக்கோடு இன்று இருக்கும் இடமும் அதில் அடக்கம். எலாஸ்டிக்குக்கு இரண்டு முனை உண்டு, பிரபஞ்சத்துக்கு அப்படி முனை ஏதும் தென்படவில்லை. இந்த ஒரு குறையை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

இத்தனை கோடி ஒளியாண்டு தூரம் என்கிறீர்களே, யார் போய் டேப் பிடித்து அளந்தது?
— மளிகைக் கடைக்காரர், அரூர்

இந்தத் துறையின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். ஒளியாண்டு என்பது ஒளி ஒரு ஆண்டில் போகும் தூரம், ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். ஒரே அளவுகோல் எல்லாத் தூரத்துக்கும் எட்டாது. ஒன்றை வைத்து அடுத்ததைத் திருத்தி, அதை வைத்து அதற்கும் அடுத்ததைத் திருத்திக்கொண்டு போகவேண்டும்.

முதல் படி வெறும் வடிவியல். பூமி ஆறு மாதத்தில் சூரியனுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. இரண்டு நிலைக்கும் இடையே 30 கோடி கிலோமீட்டர். இரண்டு நிலையிலிருந்தும் ஒரே விண்மீனைப் பார்த்தால், பின்னணி விண்மீன்களுக்கு முன்னால் அது ஒரு துளி நகர்ந்து தெரியும். அந்தக் கோணம் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். 1838-இல் பெசல் என்ற ஜெர்மானியர் 61 சிக்னி என்ற விண்மீனுக்கு இப்படித்தான் கணக்குப் போட்டார். சூரியனுக்கு மிக அருகிலுள்ள பிராக்சிமா செண்டாரியின் கோணமே 0.77 விகலைதான். ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு விகலை. ஐரோப்பாவின் கையா விண்கலம் இதைவிடப் பல்லாயிரம் மடங்கு நுண்ணிய கோணங்களை அளந்து, நூறு கோடிக்கும் அதிகமான விண்மீன்களைப் பட்டியலிட்டது.

அடுத்த படி செஃபீட் விண்மீன்கள். இவை பெருத்துச் சுருங்கி, ஒழுங்கான கால இடைவெளியில் மங்கிப் பிரகாசிக்கும். 1912-இல் ஹென்ரியட்டா லெவிட் சிறிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்துச் சிறு மண்டலத்தில், ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருந்த 25 செஃபீட்களைப் பதிவு செய்து, துடிப்புக் காலம் நீள நீளப் பிரகாசமும் கூடுகிறது என்று காட்டினார். பிறகு வேலை சுலபம். காலத்தை அளந்தால் உண்மையான பிரகாசம் தெரியும். கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும். ஒரே வகை விளக்குகள் இரண்டில் ஒன்று 100 மடங்கு மங்கலாகத் தெரிந்தால் அது 10 மடங்கு தூரத்தில் இருக்கிறது. 10,000 மடங்கு மங்கலென்றால் 100 மடங்கு தூரம்.

மூன்றாவது படியில் நம்மூர்ப் படிப்பு ஒன்று நிற்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930-இல் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீனின் எடைக்கு ஒரு உச்ச வரம்பு உண்டு என்று கணக்கிட்டார். அது சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு. துணை விண்மீனிடமிருந்து பொருளை இழுத்துக்கொண்டு இந்த வரம்பை நெருங்கும் வெண்குறு விண்மீன் வெடித்துச் சிதறும். அதுதான் 1ஏ வகை சூப்பர்நோவா. வரம்பு எங்கும் ஒன்றே என்பதால் வெடிப்பின் உச்சப் பிரகாசமும் ஏறத்தாழ ஒன்றே. சிறு வேறுபாட்டையும், எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதைப் பார்த்துத் திருத்திவிடலாம். இந்த விளக்கு பல நூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்தும் தெரியும்.

அதற்கும் அப்பால் செம்பெயர்ச்சி, அதாவது வெளி விரிவதால் ஒளியின் அலைநீளம் சிவப்புப் பக்கம் நீள்வது. ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு ஆய்வகத்தில் 656.3 நானோமீட்டரில் விழும். ஒரு மண்டலத்தின் நிறமாலையில் அது 669.4-இல் விழுகிறது என்று வையுங்கள். 2 சதவீதம் நீண்டிருக்கிறது. ஒளியின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர், அதில் 2 சதவீதம் 6000. ஒவ்வொரு மெகாபார்செக் தூரத்துக்கும் விலகும் வேகம் விநாடிக்கு எத்தனை கிலோமீட்டர் கூடுகிறது என்பதே ஹப்பிள் மாறிலி. அதை 70 என்று வைத்து வகுத்தால் 85.7 மெகாபார்செக். ஒரு மெகாபார்செக் 32.6 லட்சம் ஒளியாண்டு. ஆக, தூரம் ஏறத்தாழ 28 கோடி ஒளியாண்டு. இந்தக் குறுக்குவழி சிறிய பெயர்ச்சிக்குத்தான் செல்லும். பெயர்ச்சி 10 சதவீதத்தைத் தாண்டினால் விரிவின் வரலாற்றையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

இந்தப் படிகளில் கீழே ஒரு பிழை நுழைந்தால் மேலே எல்லாம் சரியும். நடந்த உதாரணம் ஹப்பிளுடையதே. அவர் 1929-இல் மாறிலியை 500 என்று கண்டார். அதைத் தலைகீழாக்கினால் விரிவு தொடங்கி எவ்வளவு காலம் என்று தோராயமாக வரும், 200 கோடி ஆண்டு. ஆனால் உங்கள் பக்கத்துக் குன்றுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்து நைஸ் என்ற வரிவரியான உருமாறிய பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. பாறைக்குள் இருக்கும் சிர்கான் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வயது இது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு பிடிக்கும். அந்தக் கடிகாரத்தை வெயிலோ மழையோ அசைக்காது. பூமியின் வயது 454 கோடி. பிரபஞ்சத்தைவிட அதற்குள் இருக்கும் பாறை மூத்ததாக இருக்க முடியாதே!

தப்பு எங்கே என்று 1952-இல் வால்டர் பாடே சொன்னார். செஃபீட்களில் இரண்டு வகை உண்டு, ஒரே துடிப்புக் காலத்தில் ஒரு வகை மற்றதைவிடப் பல மடங்கு பிரகாசம். ஹப்பிள் காலத்தில் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டார்கள். பிரித்ததும் தூரங்கள் இரட்டித்தன, வயதும் கூடியது. தூரத்து மண்டலங்களில் ஒளிரும் வாயு மேகங்களை ஒற்றை விண்மீன் என்று நினைத்த பிழையைப் பிறகு ஆலன் சாண்டேஜ் களைந்தார். தூசு இன்னொரு தொல்லை. இடையில் தூசு இருந்தால் விண்மீன் மங்கும், மங்கினால் தூரம் அதிகமென்று கணக்குக் காட்டும். அதற்காகத்தான் தூசை ஊடுருவி வரும் அகச்சிவப்பு ஒளியில் அளக்கிறார்கள்.

பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு. அப்படியென்றால் 1380 கோடி ஒளியாண்டுக்கு மேல் எதுவும் தெரியக்கூடாது. ஆனால் நமக்குத் தெரியும் பிரபஞ்சத்தின் ஆரம் 4650 கோடி ஒளியாண்டு என்று படித்தேன். ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது என்பது பொய்யா?
— தொழிற்சாலைப் பணியாளர், ஓசூர்

பொய் இல்லை. அந்தத் தடை வெளிக்குள் ஒன்றையொன்று கடந்து போகும் பொருளுக்கு. வெளி தானாகவே விரிவதற்கு அந்தத் தடை கிடையாது.

நமக்கு வந்து சேரும் மிகப் பழைய ஒளி, பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதானபோது புறப்பட்டது. அது கிளம்பிய இடம் அப்போது நம்மிடமிருந்து ஏறத்தாழ 4 கோடி ஒளியாண்டு தூரம்தான். ஒளி வந்துகொண்டிருக்கும்போதே இடையில் இருந்த வெளி ஏறத்தாழ 1,100 மடங்கு விரிந்துவிட்டது. அதனால் அந்த இடம் இன்று 4500 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது. தொடக்கம் வரை கணக்கிட்டால் 4650 கோடி, விட்டம் 9300 கோடி.

'ஒளி பயணம் செய்த காலம்', 'இன்றைய தூரம்' என்று இரண்டு அளவு இருப்பதைச் செய்தித்தாள்கள் கலந்துவிடுகின்றன. "1350 கோடி ஒளியாண்டு தூரத்தில் புது மண்டலம்" என்று படித்தால், ஒளி அவ்வளவு ஆண்டு பயணம் செய்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பிடித்த மிகப் பழைய மண்டலங்கள், பிரபஞ்சம் 30 கோடி வயதைத் தொடுவதற்கு முன்பே ஒளிவிட்டவை. இன்று அவை 3300 கோடி ஒளியாண்டுக்கும் மேலே போய்விட்டன.

இதெல்லாம் நமக்குத் தெரியும் பகுதியின் அளவு. மொத்தம் எவ்வளவு என்பதற்கு மேல் வரம்பு கிடைக்கவில்லை. வெளியின் வளைவை அளந்தால் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழையில் தட்டையாகவே வருகிறது. அதனால் முழுப் பிரபஞ்சம் நாம் காணும் பகுதியைவிடப் பன்மடங்கு பெரியது, முடிவற்றதாகவும் இருக்கலாம்.

1380 கோடி என்ற வயது எங்கிருந்து வந்தது? போட்டுக் காட்டுங்கள்.
— கல்லூரி மாணவர், பர்கூர்

ஒரு மெகாபார்செக் என்பது 3.086 பெருக்கல் 10-இன் 19-ஆம் அடுக்கு கிலோமீட்டர். விநாடிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தால் வகுங்கள். 4.41 பெருக்கல் 10-இன் 17-ஆம் அடுக்கு விநாடி வரும். ஆண்டுக்கு 3.156 கோடி விநாடி. அதனாலும் வகுத்தால் 1397 கோடி ஆண்டு. இது வேகம் மாறவே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் விரிவு முதலில் ஈர்ப்பால் தளர்ந்தது, கடைசி 500 கோடி ஆண்டுகளாக வேகமெடுக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிடுவதால் விடை 1380-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. விரிவு வேகமெடுப்பதை 1998-இல் இரண்டு குழுக்கள் சூப்பர்நோவாக்களை வைத்துக் கண்டன. 2011 நோபல் அதற்குத்தான்.

பழைய பெட்டி டிவியில் சேனல் வராதபோது புள்ளிபுள்ளியாக ஆடுமே, அது பெருவெடிப்பின் மிச்சம் என்கிறார்கள். உண்மையா?
— டிவி மெக்கானிக், காவேரிப்பட்டணம்

கொஞ்சம் உண்மை. மொட்டைமாடி ஆண்டெனா மாட்டிய பெட்டியில் அந்த ஆட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சு. மீதி டியூனரின் சொந்த இரைச்சல், பால்வீதி, சூரியன், பக்கத்து வீட்டு மோட்டார். கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால் ஆண்டெனாவே இல்லை, பெட்டியின் இரைச்சலைத்தான் பார்ப்பீர்கள். இப்போதைய எல்இடி டிவி சிக்னல் இல்லையென்றால் நீலத்திரை போட்டு மூடிவிடுகிறது.

அதைக் கண்டுபிடித்தவர்கள் செய்ததும் உங்கள் தொழில்தான், இரைச்சலைத் தேடிப்பிடிப்பது. 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸும் வில்சனும் 7.35 சென்டிமீட்டர் அலைநீளத்தில் ஒரு கொம்பு ஆண்டெனாவைச் சோதித்தார்கள். இரைச்சலின் அளவை வெப்பநிலையாக, கெல்வினில் சொல்வது வழக்கம். தலைக்கு நேர்மேலே காட்டியபோது வந்த மொத்த இரைச்சல் 6.7 கெல்வின். காற்றுமண்டலத்தின் பங்கு 2.3. ஆண்டெனா உலோகத்தின் இழப்பும் பின்புறக் கசிவும் சேர்ந்து 0.9. கழித்தால் 3.5 கெல்வின் கணக்கில் வராமல் மிஞ்சியது. இணைப்புத் தையல்களில் அலுமினியப் பட்டை ஒட்டினார்கள், உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டி எச்சத்தைக் கழுவினார்கள், நியூயார்க் நகரை நோக்கித் திருப்பிப் பார்த்தார்கள். இரைச்சல் அசையவில்லை. எந்தத் திசையிலும், எந்தப் பருவத்திலும் ஒரே அளவு.

அது எங்கிருந்து வந்தது என்றால், பிரபஞ்சத்தின் வெப்பம் ஏறத்தாழ 3000 கெல்வினுக்கு இறங்கியபோது எலக்ட்ரான்கள் அணுக்கருவோடு சேர்ந்தன. அதுவரை எலக்ட்ரான்களில் மோதித் தடுமாறிய ஒளி தடையின்றிக் கிளம்பியது. பிறகு வெளி 1,100 மடங்கு விரிந்ததில் அலைநீளமும் அத்தனை மடங்கு நீண்டு, 3000 கெல்வின் 2.7 ஆகிவிட்டது. இன்றைய துல்லிய அளவு 2.725. உங்கள் பட்டறையின் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் இந்த ஒளித்துகள்கள் 411 இருக்கின்றன. 1948-இலேயே ஆல்ஃபரும் ஹெர்மனும் இப்படி ஒரு மிச்சம் 5 கெல்வின் அளவில் இருக்கவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அப்போது யாரும் தேடவில்லை. எங்கள் பார்வையில் பெருவெடிப்புக்கு இதைவிட வலுவான சான்று வேறில்லை.

ஹைட்ரஜன் 75 சதவீதம், ஹீலியம் 25 சதவீதம் என்று பாடத்தில் இருக்கிறது. ஏன் அந்த விகிதம்?
— பிளஸ் டூ மாணவி, ஊத்தங்கரை

மனப்பாடம் செய்யாமல் நீங்களே வருவிக்கலாம். முதல் விநாடி வாக்கில் ஆறு புரோட்டானுக்கு ஒரு நியூட்ரான் என்ற விகிதம் நின்றுவிட்டது. தனி நியூட்ரான் சிதையக்கூடியது, சராசரி ஆயுள் 15 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அணுக்கருக்கள் உண்டாக வெப்பம் 100 கோடி கெல்வினுக்கு இறங்கவேண்டும். அதற்குமுன் புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்து டியூட்டீரியம் ஆனாலும் சூடான ஒளி அதை உடனே உடைத்துவிடும். இந்தக் காத்திருப்புக்குச் சில நிமிடம் ஆகிறது. அதற்குள் சில நியூட்ரான்கள் சிதைந்து விகிதம் 7-க்கு 1 ஆகிறது.

இப்போது 16 துகள் எடுங்கள். 14 புரோட்டான், 2 நியூட்ரான். இரண்டு நியூட்ரானும் இரண்டு புரோட்டானோடு சேர்ந்து ஒரு ஹீலியம் அணுக்கரு. மிச்சம் 12 புரோட்டான், அவை ஹைட்ரஜன். எடை 16-இல் 4, அதாவது 25 சதவீதம். எண்ணிக்கையில் பார்த்தால் 13 அணுவில் ஒன்றுதான் ஹீலியம். எடை, எண்ணிக்கை இரண்டையும் குழப்பித் தேர்வில் மதிப்பெண் இழப்பவர்கள் அதிகம், கவனமாக இருங்கள்.

அங்கேயே நின்றுபோனதற்கும் காரணம் உண்டு. நிறை எண் 5, நிறை எண் 8 இரண்டிலும் நிலையான அணுக்கரு கிடையாது. ஏறிப்போகப் படி இல்லை. கொஞ்சம் லித்தியத்தோடு கடை மூடிவிட்டது. உங்கள் எலும்புக் கால்சியமும் ரத்தத்தின் இரும்பும் பின்னால் விண்மீன்களில் உண்டானவை. கோட்பாட்டுக்கு ஒரு முள்ளும் இங்கே இருக்கிறது. கணக்குச் சொல்லும் லித்தியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பழைய விண்மீன்களில் கிடைக்கிறது. அது இன்னும் தீராத கணக்கு.

பெருவெடிப்பை மறுத்த விஞ்ஞானிகள் இல்லையா?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், பென்னாகரம்

நல்ல திறமைசாலிகளே மறுத்தார்கள். 1948-இல் ஹாயில், போண்டி, கோல்டு மூவரும் மாறாநிலைக் கோட்பாட்டை வைத்தார்கள். பிரபஞ்சம் விரிகிறது, விரிந்த இடத்தில் புதுப் பொருள் உண்டாகி நிரம்புகிறது, ஆகவே தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை என்பது அதன் சாரம். நம் நாட்டு ஜயந்த் நார்லிகர் ஹாயிலோடு சேர்ந்து இதை வளர்த்தார். 1993-இல் திருத்திய வடிவம் ஒன்றையும் அவர்கள் வைத்தார்கள்.

இதைச் சோதித்ததில் தமிழ்நாட்டுக்குப் பங்குண்டு, பலருக்குத் தெரியாது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-இல் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டி இருப்பது 11 டிகிரி சொச்சம் வட அட்சரேகையில். அதே 11 டிகிரிச் சரிவுள்ள மலைச்சரிவைத் தேடி, வடக்கு தெற்காகக் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. அச்சில் ஒரே சுழற்சி கொடுத்தால் ஒரு வானொலி மூலத்தை, அதாவது வானொலி அலை வீசும் விண்பொருளை, ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் தொடரலாம்.

நிலா ஒரு வானொலி மண்டலத்தை மறைக்கும்போது அதன் சிக்னல் எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்று பார்த்தால் மண்டலத்தின் கோண அளவு கிடைக்கும். பெரியது மெதுவாக அணையும், சிறியது சட்டென அணையும். இப்படி நூற்றுக்கணக்கான மூலங்களை ஊட்டியில் அளந்தார்கள். மங்கலான மூலங்கள், அதாவது சராசரியில் தொலைவிலும் பழங்காலத்திலும் இருப்பவை, மாறாநிலைக் கோட்பாடு சொன்ன அளவுக்குப் பொருந்தவில்லை. பிரபஞ்சம் காலத்தோடு மாறியிருக்கிறது என்பதையே ஊட்டி முடிவுகள் காட்டின. பின்னணிக் கதிர்வீச்சோடு சேர்ந்து இது அந்தக் கோட்பாட்டை ஒதுக்கியது. இருந்தாலும் நார்லிகரின் கேள்விகளால் பெருவெடிப்பு ஆதரவாளர்கள் தங்கள் கணக்கை இன்னும் கறாராகப் போட வேண்டியிருந்தது. அதை நன்றியோடு நினைக்கவேண்டும்.

இன்றைக்கு இந்தத் துறையில் எது சண்டையில் இருக்கிறது?
— வாசகர், காரிமங்கலம்

ஹப்பிள் மாறிலி. பின்னணிக் கதிர்வீச்சிலிருந்து கணக்கிட்டால் 67.4. செஃபீட், சூப்பர்நோவா வழியில் அளந்தால் 73. இரண்டு பக்கமும் பிழை வரம்பு சிறியது, ஒன்றையொன்று தொடவில்லை. தூரப்படியில் இன்னும் ஒரு பிழை ஒளிந்திருக்கலாம், இல்லை, இயற்பியலே கூட விடுபட்டிருக்கலாம். அதோடு, பிரபஞ்சத்தின் ஆற்றல் கணக்கில் நாமறிந்த அணுப்பொருள் 5 சதவீதம்தான். ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் இருண்ட பொருள் 27, விரிவை வேகமெடுக்கச் செய்யும் இருண்ட ஆற்றல் 68. இந்த இரண்டும் எதனால் ஆனவை என்பது அடுத்த தலைமுறைக்கு உள்ள வேலை.

இதையெல்லாம் படிக்கிறோம், எங்கள் ஊரிலிருந்து வெறும் கண்ணால் எவ்வளவு தூரம் பார்க்க முடியும்?
— விவசாயி, தேன்கனிக்கோட்டை

25 லட்சம் ஒளியாண்டு. ஆண்ட்ரோமீடா மண்டலம் உங்கள் ஊரிலிருந்து தெரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் நடுவில், அமாவாசையை ஒட்டி, இரவு ஏழரை மணி நல்ல நேரம்.

தலைக்கு மேலே, சற்றே மேற்கில், நான்கு விண்மீன் கொண்ட பெரிய சதுரம் இருக்கும். மேற்குப் பக்கத்து இரண்டும் பூரட்டாதி, கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. வடக்கு நோக்கி நில்லுங்கள். உத்திரட்டாதியின் வடக்கு விண்மீனிலிருந்து வலப்பக்கம் கீழாக வந்தால் ஒரு மங்கல் விண்மீன், அதைத் தாண்டி ஒரு பிரகாசமான விண்மீன். அதில் நின்று இடப்பக்கம் கீழாகத் திரும்புங்கள். இரண்டு மங்கல் விண்மீன்கள் வரும். இரண்டாவதற்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் நீள்வட்டப் புகைக்கறை. அதுதான். தரையிலிருந்து ஏறத்தாழ 60 டிகிரி உயரம். அதற்கும் கீழே காசியோபியாவின் ஐந்து விண்மீன்கள் தெரிந்தால் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள்.

தெரியவில்லையென்றால் பெரும்பாலும் இரண்டே காரணம். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். நடுவில் ஒருமுறை செல்போன் பார்த்தால் முதலிலிருந்து காத்திருக்கவேண்டும். நேராக முறைத்துப் பார்த்தாலும் மறையும், சற்றுத் தள்ளி ஓரக்கண்ணால் பாருங்கள். 7x50 அல்லது 10x50 பைனாகுலர் இருந்தால் சந்தேகமே வராது. அதிக உருப்பெருக்கம் உள்ளதை வாங்காதீர்கள், கை நடுங்கினால் படமும் ஆடும், கறையும் கரைந்துபோகும்.

உங்கள் ஊருக்கு வடக்கே ஓசூர், பெங்களூரு வெளிச்சம் வானத்தை வெளுக்கிறது. அஞ்செட்டிப் பக்கம் போனால் இருட்டு நன்றாக இருக்கும். ஆனால் அது யானை நடமாடும் காடு. சாலையோரத்திலோ வயலிலோ நிற்காமல் ஊருக்குள் தெருவிளக்கு மறையும் ஒரு மொட்டைமாடியாகப் பார்த்து ஏறிக்கொள்ளுங்கள்.